இலையில் சோறு குறையட்டும்

என் மகனுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த வரியை எழுதவே கை வரவில்லை. நீ நலமா இல்லையா என்பதுதான் இத்தனை நாளாக என் நெஞ்சைப் போட்டுப் பிசைந்துகொண்டிருக்கிறது. நிச்சயதார்த்தம் முடிந்து நீ மதுரைக்குப் பஸ் ஏறிப் போனதிலிருந்து நான் நானாக இல்லை. உன் அம்மாவுக்குத் தெரியாமல், ஏலக்காய் மண்டியில் ஒரு மூலையில் மூட்டை மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவளுக்குத் தெரிந்தால் பேனாவைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடுவாள். தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அப்பன் இப்படிப் பயந்து சாகிறானே என்று நீயும் சிரிப்பாய். சிரி. ஆனால் முழுசாகப் படித்துவிட்டுச் சிரி.

நிச்சயத்துக்கு மறுநாள் நாம் இரண்டு பேரும் ஏலத் தோட்டத்துக்குப் போனோமே, அன்றைக்கு ஜீப் வரவில்லை என்று அடிவாரம் குரங்கணியிலிருந்து நடந்தே ஏறினோம். ஐம்பத்தைந்து வயசுக்காரன் நான் முன்னால் போகிறேன். இருபத்தெட்டு வயசு நீ ஒவ்வொரு திருப்பத்திலும் கல் தேடி உட்கார்ந்தாய். சட்டைப் பித்தான் வயிற்றில் தெறித்துவிடும் போல நின்றது. கொண்டுபோன தண்ணீரை முழுக்கக் குடித்தாய், பிறகு ஓடைத் தண்ணீரில் முகத்தை வைத்துக் குடித்தாய், குடித்த கையோடு செடி மறைவுக்கு ஒதுங்கினாய். மில் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய உடம்பு, ஏற்றத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நானும் முதலில் நினைத்தேன். சாயங்காலம் திரும்பி இறங்கும்போது நீ ஒதுங்கிய அந்தப் பாறையைப் பார்த்தேன். எறும்பு மொய்த்துக் கிடந்தது அப்பு. பக்கத்துப் பாறையில் ஒன்றுகூட இல்லை. உன்னைக் கூப்பிட்டுக் காட்டினால், "மலைன்னா எறும்பு இருக்கத்தானப்பா செய்யும்" என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்றேன். "விடுங்கப்பா, கல்யாணம் முடியட்டும், பொறுமையாப் பாத்துக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மா குவித்துப் போட்ட சோற்றை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாய். நான் எதிரே உட்கார்ந்து உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சட்டென்று கதவைச் சாத்தினாள். "நாள் குறிச்சாச்சு, பத்திரிகை அடிக்கப் போகுது. மாப்ளைக்குச் சக்கரைன்னு ஊருக்குள்ள ஒரு சொல்லு விழுந்துச்சுன்னா பொட்டிபுரத்துப் பொண்ணு வீட்டுக்காரவுக தட்டைத் திருப்பி அனுப்பிருவாக. கல்யாணம் முடியிற மட்டும் வாயத் தொறக்காதீக, ஆமா" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்கும் பயம்தான், எனக்கும் பயம்தான். அவளுடைய பயம் ஊர் வாயைப் பார்த்து. என்னுடைய பயம் உன் பெரியப்பா பட்ட பாட்டைப் பார்த்து.

பெரியப்பாவை உனக்கு நினைவிருக்கும், ஆனால் அவர் படுத்த படுக்கையாகக் கிடந்த காலம்தான் நினைவிருக்கும். அதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். எழுபதாம் வருசத்துப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் விடியக்காலம் அடிவாரத்தில் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் மேலே ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரில் நிற்போம். அவர் தின்கிற சோற்றைப் பார்த்தால் கண் வைத்துவிடுவார்கள் என்று அண்ணி திரும்பி உட்காரச் சொல்லிப் போடுவார். அவ்வளவும் ஏற்றத்திலும் இறக்கத்திலும் கரைந்து போகும். பிறகு ஜீப் பாதை வந்தது. முதலாளி மாதிரி முன் சீட்டில் உட்கார்ந்து போனோம். நடை போனது, சோறு மட்டும் போகவில்லை. மனுசன் வருசத்துக்கு வருசம் பெருத்தார். பார்க்கிறவன் எல்லாம், "அண்ணே, இப்பத்தான் மொகத்துல மொதலாளி களை வந்திருக்கு" என்றான். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அண்ணி ஒருநாள் என்னிடம் ரகசியமாக, "கொழுந்தனாரே, அவுக ஒதுங்குற எடத்துல எறும்பா மொய்க்குது, என்னான்னு தெரியலயே" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணனுக்கு ஒடம்பெல்லாம் வெல்லம் மைனி" என்று கேலி பேசினேன். அண்ணியும் சிரித்தார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணி அடித்தது. காதுதான் எங்களுக்கு இல்லை.

அந்த மழைக்காலத்தில் அவர் காலில் அட்டை கடித்தது. அட்டை கடிக்காத கால் இந்த மலையில் எது? உப்பைத் தேய்த்தோம், விழுந்தது, மறந்துபோனோம். அவர் சொறிந்தார். சொறிந்த இடம் புண்ணானது. மஞ்சள் வைத்தோம், களிம்பு வாங்கிப் போட்டோம், வேப்பிலை அரைத்துக் கட்டினோம். புண் ஆறவில்லை, கறுத்துக்கொண்டே போனது. மதுரைக்குக் கொண்டுபோனபோது டாக்டர் புண்ணைப் பார்க்கும் முன்னே சர்க்கரையைத்தான் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து கண் திறந்தவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை, "தம்பி, சோறு கொண்டாந்தியா?" என்பதுதான். அடுத்த நாள் நர்ஸம்மா கண்ணுக்குத் தெரியாமல் தூக்குச்சட்டி நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்து, சாப்பிடுகிறாரே, பிழைத்துக்கொள்வார் என்று எனக்குச் சந்தோஷம். நோயாளி சாப்பிட்டால் பிழைப்பான் என்றுதானே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்? அடுத்த வருசமே போய்விட்டார். இன்னொரு காலும் அதற்குள் கறுக்க ஆரம்பித்திருந்தது.

கருமாதி முடிந்த கையோடு நானும் போடியில் டாக்டரிடம் போனேன். தைரியத்தில் போகவில்லை, பயத்தில் போனேன். அண்ணன் தம்பி ஒரே அச்சு, எனக்கும் அப்போது தொந்தி வேட்டிக்கு மேலே விழுந்து கிடந்தது. டாக்டர் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் சிறுநீரில் சில சொட்டு விட்டு, தீயில் காட்டினார். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை என்றார். நான் முருகா முருகா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மாத்திரை பாதி வேலதான் செய்யும். மீதிய நீங்கதான் செய்யணும். ஒடம்பக் கொறைங்க, ராத்திரி சோறு வேண்டாம், மத்தியானம் பாதியாக் கொறைங்க" என்றார்.

இங்கேதான் உன் அம்மாவும் நானும் செய்த கூத்தைக் கேள். ராத்திரி சோறு வேண்டாம் என்றால் நம் வீட்டில் என்ன அர்த்தம்? கிருத்திகை, சஷ்டி என்றால் என்ன செய்வோம்? சோற்றைத் தொட மாட்டோம், பலகாரம் சாப்பிடுவோம். உன் அம்மா எனக்குத் தினமும் கிருத்திகை நடத்தினாள். இன்றைக்கு இட்லி, நாளைக்கு தோசை, அதற்கு அடுத்த நாள் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும். காப்பிக்குச் சீனி ஆகாது என்று கருப்பட்டி போட்டாள். எப்பேர்ப்பட்ட விரதம் பார்! நானும் பெரிய தியாகம் செய்கிறவன் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு எட்டு இட்லி தின்றுவிட்டுப் படுப்பேன். ஒரு மாதம் கழித்துப் போனால் குழாயில் அதே செங்கல் நிறம். டாக்டர், "ராத்திரி சோறு திங்கிறீகளா?" என்றார். "ஒரு பருக்கை தொடலைங்கய்யா, வெறும் எட்டு இட்லிதான்" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏய்யா, இட்லி என்ன வெண்டைக்காயிலயா செய்றாக? அதுவும் அரிசி தானய்யா!" என்று கத்தினார். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் உன் அம்மாவை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். "பட்டினி போடச் சொல்லலம்மா. இப்ப சோத்துக்குக் காயத் தொட்டுத் திங்கிறாரு. இனிமே காய்க்குச் சோத்தைத் தொட்டுத் திங்கட்டும்" என்றார். அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் எனக்குத்தான் எதையும் அளவாகச் செய்யத் தெரியாதே. அண்ணன் கால் கண்ணிலேயே நின்றது. பாதிச் சோறு நல்லது என்றால் சோறே இல்லாவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று, மாத்திரையையும் போட்டுக்கொண்டு, வெறும் மோரும் கீரையுமாகக் கிடந்தேன். ஒருநாள் தோட்டத்துச் சரிவில் கை கால் நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டி விழுந்தேன். காய் பறிக்க வந்த பொம்பளைகள்தான் தூக்கி உட்கார வைத்து, டீயில் சீனியை அள்ளிப் போட்டுக் குடிக்க வைத்தார்கள். கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் கீழே பள்ளம். டாக்டர் அன்றைக்குத் திட்டிய திட்டை எழுத முடியாது. "மாத்திரையும் போட்டு, பட்டினியும் கெடந்தா மயக்கம் வராம மாலையா வரும்?" என்றார். ஆகையால், அப்பு, இதைப் படித்துவிட்டு நீயும் என் மாதிரி ஒரேயடியாக எதையும் விட்டுத் தொலைக்காதே. உன் உடம்புக்கு எவ்வளவு என்று டாக்டர் சொல்லட்டும், நான் சொல்வது என் உடம்புக்கு ஆனது.

அதற்குப் பிறகு ஒழுங்காகச் செய்தோம். மத்தியானம் ஒரு பெரிய கரண்டி சோறு, அதைச் சுற்றி அவரைக்காய், புடலங்காய், கீரை எல்லாம் சோறு மாதிரி குவியலாக. மொச்சையோ பாசிப்பயறோ ஒரு கிண்ணம். முட்டை, ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு, அதில் கறிதான் எனக்கு, குழம்பை ஊற்றிப் பிசைகிற வேலை இல்லை. ராத்திரி இரண்டு இட்லியோடு நிறுத்தம். காப்பிக்கு ஒன்றும் கிடையாது, முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்தது, பிறகு பழகிவிட்டது. வெரசா ஒன்றும் நடக்கவில்லை. மெதுவாக, மாதக்கணக்கில், வேட்டி மடிப்பு உள்ளே போனது. ஜீப்பை விட்டு அடிவாரத்திலிருந்து நடக்க முடிந்தது. குழாயில் நிறம் பச்சைக்கு வந்தது. ஆனால் ஊர் விடுமா? பெருத்தால் செழிப்பு, இளைத்தால் சீக்கு, அதுதானே நம் ஊர்க் கணக்கு. ஏலத்துக்கு வருகிற வியாபாரிகள் காயைக் கையில் உருட்டிக்கொண்டே, "என்னண்ணே, பாதி ஆளாப் போயிட்டீக, காச நோய் எதுவுமா?" என்று கேட்டார்கள். உன் அம்மாவை ஒருத்தி குழாயடியில் வைத்து, "புருசனுக்குச் சோறு போடுறியா இல்லயா ஆத்தா?" என்று கேட்டுவிட்டாள். அவள் வீட்டுக்கு வந்து குடத்தைப் போட்டு அழுதாள். அழுதுவிட்டு மறுநாளும் ஒரு கரண்டிதான் போட்டாள். உன் அம்மா அந்த வாய்க்கெல்லாம் அப்போது அசையவில்லை. அவள் கெட்டிக்காரி. இப்போது உன் விஷயத்தில்தான் அந்தக் கெட்டிக்காரத்தனம் எங்கே போனதென்று தெரியவில்லை.

உனக்கு வருவோம். மெஸ்ஸில் சாப்பிடுகிறாய், நீ கேட்காமலே மறுசோறு விழும். இலையின் மேல் கையை வைத்து மறை, கூச்சப்படாதே. காசு கொடுத்துத்தானே சாப்பிடுகிறாய், பொரியலை இரண்டு தரம் கேள், முட்டையைக் கேள். சாயங்காலம் ஆபீஸ் வாசலில் தின்கிற பஜ்ஜியையும் பால்பன்னையும் விடு. அதைவிட எனக்குப் பெரிய பயம் கல்யாணத்துக்குப் பிறகு வரப்போகிற விருந்து. புது மாப்பிள்ளையை ஒரு வீடு விடாமல் கூப்பிடுவார்கள். பாயசம், பணியாரம், சர்க்கரைப் பொங்கல், நெய் விட்டு மலை மாதிரி சோறு. வேண்டாம் என்றால் அந்த வீட்டுக்காரருக்கு மரியாதைக் குறைச்சல். சர்க்கரை இருப்பதையும் மறைத்துவிட்டு, வைத்ததை எல்லாம் சிரித்த முகத்தோடு தின்றுகொண்டு நீ வீடு வீடாகப் போவாய். எத்தனை வீட்டில் உன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியும், காரணம் சொல்லாமல்?

அதனால்தான் நேற்று பஸ் ஏறிப் பொட்டிபுரம் போனேன்.

கோபப்படாமல் படி. செல்வியின் அப்பா களத்தில் நின்றுகொண்டிருந்தார். "என்ன சம்பந்தி, திடுதிப்புன்னு? வாங்க வாங்க" என்று கட்டிலை இழுத்துப் போட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னேன். அண்ணன் கதையைச் சொன்னேன், எனக்குச் சர்க்கரை இருப்பதைச் சொன்னேன், உனக்கும் இருக்கும் என்று பயப்படுகிறேன், இன்னும் பரிசோதிக்கவில்லை, நீ மறுக்கிறாய் என்றும் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. "நிச்சயத்துக்கு மின்னாடி சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "அன்னைக்கு எனக்கே தெரியாது சம்பந்தி, மறுநாள்தான் பாத்தேன்" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டத்துப் பக்கம் போய்விட்டார். செல்வியின் அம்மா, "எம்பொண்ணு தலையெழுத்தப் பாத்தீகளா" என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஐம்பத்தைந்து வயசில் ஒரு வீட்டுக்கு நடுவில் அப்படி நின்றதில்லை.

செல்வி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே வந்து அவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள், "மாமா, சோத்தைக் கொறைச்சு, ஒடம்பக் கொறைச்சா உங்களுக்குச் சரியாப் போச்சா?" நான் பொய் சொல்லவில்லை. "சரியாப் போகாது ஆத்தா, கட்டுக்குள்ள நிக்கும். எனக்கு இத்தன வருசமா நிக்குது" என்றேன். "சக்கரை இருந்தா எனக்கு ஒண்ணுமில்ல மாமா. எங்க அப்பாட்ட நான் பேசிக்கிறேன். ஆனா பாக்கவே மாட்டேன்னு சொல்றவுகளோட நான் எந்தத் தைரியத்துல வந்து குடும்பம் நடத்துறது? பாத்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள். அதற்குள் அவள் அப்பாவும் திரும்பி வந்தார். "பாத்துட்டு வாங்க, பெறகு பேசுவம்" என்று மட்டும் சொன்னார். பெறகு என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. கல்யாணம் நடக்கும் என்று உனக்கு இன்றைக்கு என்னால் எழுதித் தர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏறி வா. மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு டாக்டரிடம் போவோம், நானும் கூட நிற்கிறேன். நிறம் நீலமாகவே நின்றால் என்னைக் கிறுக்கன் என்று ஊர் முழுக்கச் சொல், நானும் சேர்ந்து சொல்கிறேன். இல்லை, கல்யாணம் என்னால் நின்றுபோனால், நீ என் முகத்தில் முழிக்க மாட்டாய். உன் அம்மாவும் எனக்குச் சோறு போட மாட்டாள். எனக்கு அதுவும் தெரியும், தெரிந்துதான் போனேன். ஆனால் அப்பனோடு பேசாமல் இருக்கவும் ஒருத்தன் உயிரோடு இருக்க வேண்டுமடா. உன் பெரியப்பா என்னோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்திருந்தாலாவது, அந்த வீட்டைக் கடக்கும்போது ஆள் உள்ளே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போவேன். நீ முப்பது வருசம் என்னோடு பேச வேண்டாம், அப்பு. இரு, அது போதும்.

உன் அப்பா